வெள்ளம் வடிந்த கிணற்றுக்கு எவ்வளவு ப்ளீச்சிங் பவுடர்?

வெள்ளம் வடிந்த மறுநாளே தெருவோரங்களில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். கோலமாவு தூவுவதுபோல் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டே போவார்கள். பார்க்க வேலை நடப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். சேற்றில் கிடக்கும் அழுக்கோடு சேர்ந்த உடனேயே அதிலுள்ள குளோரின் தீர்ந்துபோய், மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்புதான். அந்தப் பவுடர் போகவேண்டிய இடம் கிணறு, தொட்டி, குடம். வீணாக்காமல் அளந்து போட்டால் 25 கிலோ மூட்டையில் நடுத்தர அளவுள்ள கிணறுகள் பதினேழைச் சுத்திகரிக்கலாம்.

கிணற்றில் முதலில் நடக்கும் தவறு அவசரம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே மோட்டாரை வைத்து இறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இறைக்க இறைக்க அந்த அழுக்குத் தண்ணீரே மண் வழியாக உள்ளே வரும். அதைவிட மோசம், சுற்றுமண் நீரில் ஊறிக் கனத்திருக்கும் நேரத்தில் உள்ளே மட்டும் வேகமாக நீர்மட்டம் இறங்கினால், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்காது. உறை உள்நோக்கிச் சரியும். அதனால் கிணற்றடியில் தேங்கிய நீர் முழுதும் வடியட்டும். பிறகு மூன்றில் ஒரு பங்கு இறைத்து, நிறுத்தி, சுவரைப் பாருங்கள். உறை இணைப்புகளில் பொடிமணல் கசிந்து வந்தால் அன்றைக்கு அத்தோடு போதும். இறைத்த நீர் திரும்ப வராதபடி, பள்ளமான பக்கமாகத் தள்ளி விட வேண்டும்.

உள்ளே இறங்காமல் முடிக்கக்கூடிய வேலை என்றால் இறங்கவே வேண்டாம். அழுகிய குப்பை கிடக்கும் கிணற்றில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். மெழுகுவர்த்தியை இறக்கி, எரிகிறதே என்று நம்பி இறங்குவது ஆபத்து. கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் சுடர் எரியத்தான் செய்யும். டீசல் இன்ஜினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. மேலேயே, புகை கிணற்றுப் பக்கம் வராதபடி காற்றின் போக்குப் பார்த்து வைக்க வேண்டும். உள்ளே மயங்கியவரைத் தூக்கப் பின்னாலேயே குதித்தவரும் சேர்ந்து இறந்துபோவது திரும்பத் திரும்ப நடக்கிறது.

சேற்றை அள்ளி, சுவரை மேலிருந்து கீழாக நீண்ட கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் பவுடர். அதற்கு முன் அளவு தெரிய வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். ஆழம் பார்க்கக் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு, நனைந்த நீளத்தை அளந்தால் போதும்.

வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றுக்கு முதல் முறை லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். புதிதாகப் பிரித்த நல்ல பவுடரில் ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் இருக்கும் என்று கொண்டால், 1,000 லிட்டருக்கு 150 கிராம். மேலே சொன்ன கிணற்றுக்கு 1.4 கிலோ. பிரித்துச் சில நாளான மூட்டை என்றால் 25 சதவீதம் என்று வைத்து 1,000 லிட்டருக்கு 200 கிராம் போடுங்கள். ஈரம் பட்டுக் கட்டி தட்டி, மூக்கைத் துளைக்கும் நெடி போன பவுடரை நம்பவே வேண்டாம்.

பவுடரைக் கைப்பிடி கைப்பிடியாக அப்படியே வீசுவது இன்னொரு தவறு. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் தோசைமாவு பதத்துக்குக் கரைக்க வேண்டும். பிறகு வாளி முக்கால் நிறையும் வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். குளோரின் இருப்பது அந்தத் தெளிவில்தான். அதை மட்டும் வேறு வாளிக்கு இறுத்து, கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். அடிச்சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். 1.4 கிலோவுக்குப் பதினான்கு முறை கரைக்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் குறுக்குவழி கிடையாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கரையுங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் யாரும் இறைக்காமல் பார்த்துக்கொண்டு, பிறகு நெடி போகும் வரை இறைத்துக் கொட்டிவிடலாம். மீன் வளரும் குளத்தில் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். அதன்பின் தினமும் மாலை, கடைசிக் குடம் எடுத்த பிறகு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் போட்டு வர வேண்டும்.

இதோடு கிணறு சரியாகிவிட்டது என்று விட்டுவிட முடியாது. ஊற்று ஊறிக்கொண்டே இருப்பதால் போட்ட குளோரின் சீக்கிரமே கரைந்துபோகும். அதனால் குடிக்கும் தண்ணீருக்குக் குடத்தில் போடுவதுதான் நம்பகமானது. ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் பவுடரைக் கரைத்து, தெளிவை நிறமுள்ள பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். 20 லிட்டர் குடத்துக்கு இதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கரைசலை வைத்திருக்க வேண்டாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் 20 லிட்டருக்கு ஒரு கிராம் படிகாரம் கலக்கி, மண் படிந்த பிறகு தெளிவை வடித்துக்கொள்ள வேண்டும். அப்போதும் லேசாகக் கலங்கியிருந்தால் இரண்டு தேக்கரண்டி. வரிசையை மாற்றிக் குளோரினை முதலில் போட்டால் பாதியை மண்ணே தின்றுவிடும். விறகோ கேஸோ இருந்தால் நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டாலும் போதும். பெட்ரோல், பூச்சிமருந்து கலந்த தண்ணீருக்கு இந்த வழிகள் எதுவும் உதவாது. அந்த வாடை வந்தால் கிணற்றையே மறந்துவிட்டு லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

தரைக்குள் இருக்கும் சம்ப் வேறு விஷயம். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது 5,000 லிட்டர் சம்ப்பை முழுக்கக் காலி செய்தால், ஐந்து டன் வரை மேல்நோக்கித் தூக்கும் விசை அதன்மேல் விழும். லேசான தொட்டி கிளம்பிவிடும். கான்கிரீட் என்றால் அடித்தளம் விரிசல் விடும். செப்டிக் டேங்க்கும் இப்படித்தான். சுற்றுமண் காயும்வரை பொறுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, மூடிய குளியலறையில் ஆளைச் சாய்த்துவிடும். வீட்டைக் கழுவும் அவசரத்தில் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

உதவப் போகிறவர்கள் பழைய துணி மூட்டைக்குப் பதில் ஒரு சிறிய தராசு, அளவு டேப், மூடிபோட்ட குறுகிய வாய் குடங்கள், குளோரின் பார்க்கும் கிட் இவற்றைக் கொண்டுபோகலாம். முகாம் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 15 லிட்டர் என்பது, பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேச அளவுகோலான ஸ்பியரின் வரையறை. 200 பேருக்கு 3,000 லிட்டர். குளோரின் மாத்திரை கொடுப்பதானால் ஒரே அளவுள்ளதையே கொடுங்கள். ஒரு பட்டையில் 20 லிட்டருக்கு ஒன்று, மற்றொன்றில் ஒரு லிட்டருக்கு ஒன்று என்று இருந்தால் குழப்பம்தான்; எழுத்துப் பொடியாக இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

கிட்டில் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் மஞ்சள், டிபிடி மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு. குடிக்கும் தண்ணீரில் குளோரின் போட்டு அரை மணி கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். நிறமே வராவிட்டால் மறுபடி போட வேண்டும். பார்த்த தேதி, போட்ட அளவு, வந்த எண் மூன்றையும் கிணற்றுச் சுவரில் பெயிண்டால் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் நாளை வரும் இன்னொரு குழு அதே கிணற்றில் மறுபடியும் 1.4 கிலோ கரைக்கும், பக்கத்துத் தெருக் கிணற்றை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.