மண்தொட்டிகளில் உடைந்த டைல்ஸ் பதித்துப் பார்த்த அனுபவம்

குளியலறை வேலை முடிந்தபின் மிஞ்சிக் கிடந்த சுவர் டைல்ஸை, மாடித் தோட்டத்தில் காலியாக இருந்த இரண்டு மண்தொட்டிகளின் மேல் பதிக்கத் தொடங்கிய வேலை, இப்போது எழுதிவைக்கும் அளவுக்கு முன்னேறியிருக்கிறது. இதற்கு ஓவியம் வரையும் கை தேவை என்று பலர் நினைக்கிறார்கள். சுட்ட மண் தண்ணீரை எப்படி இழுக்கிறது, எப்படி வெளியே விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே அதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

சுவர் டைல்ஸையே பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. தரைக்குப் போடும் விட்ரிஃபைட் டைல்ஸ், தன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும் அளவுக்கு இறுகியது. டைல்ஸ் நறுக்கும் இடுக்கியான கை நிப்பரில் அதை விரும்பிய வடிவத்துக்கு நறுக்குவது பெரும்பாடு. சுவர் செராமிக் டைல்ஸ் அப்படியல்ல, சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் உடைந்துவிடும். மிச்சத்தை நிப்பர் பார்த்துக்கொள்ளும். தெறிக்கும் சில்லுகள் கண்ணாடித் துண்டுகளைப் போலவே கூர்மையானவை என்பதால், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் இதில் இறங்கக் கூடாது.

துண்டுகளின் அளவைத் தொட்டியின் வளைவே முடிவு செய்கிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 6 சென்டிமீட்டர் அகலத் துண்டை வைத்தால், அதன் நடுப்பகுதி தொட்டியைத் தொடும்போது இரு ஓரங்களும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விலகி நிற்கும். அகலத்தை 3 சென்டிமீட்டராகக் குறைத்தால் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. வளைவு கிடைமட்டத்தில்தான், மேலிருந்து கீழாகத் தொட்டியின் பக்கம் ஏறக்குறைய நேராகவே இறங்குகிறது. எனவே நீளமான துண்டுகளை நிறுத்திவைத்துப் பதித்தால் தடவும்போது கையில் தட்டாது. வாய் விளிம்புக்கு மட்டும், டைல்ஸின் மழுங்கிய, பளபளப்பு பூசிய அசல் ஓரங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். தொட்டியைத் தூக்கும்போது விரல் படுவது அந்த இடத்தில்தான்.

தொட்டி கீழே குறுகிக்கொண்டே போவதால் சதுரத் துண்டுகளை வரிசையாக அடுக்கினால் கோடுகள் கோணிவிடும், ஒழுங்கற்ற துண்டுகளில் அந்தத் தொல்லை இல்லை. 1900 முதல் 1914 வரை கட்டப்பட்ட பார்சிலோனாவின் குவெல் பூங்காவில், கட்டடக் கலைஞர் காவுதியின் குழுவினர் வளைந்து நெளியும் இருக்கைகளை உடைந்த ஓட்டுத் துண்டுகளால் மூடியதும், அகமதாபாதில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி தம்முடைய சங்காத் அலுவலகத்தின் வளைகூரைகளை வெள்ளைப் பீங்கான் துண்டுகளால் போர்த்தியதும் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்ட வேலைகளே. நம் ஊர் மொட்டை மாடிகளில் வெயிலுக்காக வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிக்கும் கொத்தனார்களும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள்.

ஒட்டுவதற்கு, வெளிப்புறச் சுவருக்கு விற்கும் சிமெண்ட் வகை டைல்ஸ் பசையைத் தண்ணீரில் குழைத்துப் பயன்படுத்தினேன். காய்ந்த மண்தொட்டியில் இதை நேரடியாகப் பூசினால், சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டிய தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். பிறகு துண்டுகள் நகத்தால் நெம்பினாலே கழன்று வரும். ஆகவே வெளிப்புறத்தை நன்றாக நனைத்து, மேலே நிற்கும் ஈரம் வற்றி நிறம் மட்டும் அடர்ந்திருக்கும் நிலையில் பூசினேன். மரச்சாமான்களுக்கான வெள்ளைப் பசை இதற்கு ஆகவே ஆகாது. தொடர்ந்த ஈரத்தில் அது மறுபடி இளகிவிடும்.

இரண்டு தொட்டிகளையும் வேண்டுமென்றே வெவ்வேறு விதமாகச் செய்தேன். ஒன்றின் உட்புறத்தில், அது காய்ந்திருக்கும்போதே நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்தேன். மற்றதை அப்படியே விட்டுவிட்டு, அதன் வெளிப்புறத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு டைல்ஸ் பதிக்காமல் வெறும் மண்ணாக வைத்தேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பானது. பூச்சில்லாத தொட்டியில் துண்டுகளுக்கு நடுவே வெள்ளையாக உப்புப் பூத்தது, ஆனால் அதில் மேல்மண் சீக்கிரம் உலர்கிறது. பூச்சிட்ட தொட்டியின் நிறங்கள் கழுவியதுபோல் இருக்கின்றன, மண்ணோ நெடுநேரம் ஈரமாகவே இருக்கிறது. அதனால் முன்னதில் வேரழுகலுக்கு அஞ்சும் மருள் செடியையும், பின்னதில் ஈரம் விரும்பும் பெரணியையும் நட்டிருக்கிறேன்.

இடைவெளிகளை நிரப்ப, வெள்ளை சிமெண்டுடன் சலித்த நுண்மணலும் செங்காவி ஆக்ஸைடு பொடியும் கலந்தேன். வெறும் வெள்ளையில் டைல்ஸின் நிறங்கள் வெளிறித் தெரிகின்றன. காவியோ அடியில் தெரியும் மண்ணோடு இயைந்து போகிறது. மணல் இல்லாவிட்டால் அகலமான இடைவெளிகளில் மயிரிழை வெடிப்புகள் விழும். பூசிய சற்று நேரத்தில் பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்காகத் துடைத்து, பின்னர் ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தேன்.

அடுத்து முற்றத்துத் துளசி மாடத்தை எடுத்திருக்கிறேன். அதன் பக்கங்கள் தட்டையானவை என்பதால் பெரிய துண்டுகளையே பதிக்கலாம், சிமெண்டால் ஆனதால் மண்தொட்டி அளவுக்குத் தண்ணீரையும் இழுக்காது. ஆனால் அதன்மேல் ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக நிற்கிறது. எவ்வளவு நல்ல பசையானாலும் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்துவிடும் என்பதால், இப்போதைக்குப் பட்டிக் கத்தியும் உப்புத்தாளுமாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.