காப்பிக் களத்தில் கார்த்திகையும் வியாழனும்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரி, படகு, லேடீஸ் சீட் என்று பகலிலேயே மலையைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நிலவில்லாத தை மாத இரவு ஒன்றைக் கழிக்காமல் சேர்வராயன் மலையை விட்டு இறங்கவே கூடாது.

2025 தை அமாவாசையன்று சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, நாகலூர் பக்கம் மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். கையில் 10×50 பைனாகுலர். லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகள் அழகுதான். ஆனால் வானம் பார்க்க வந்தவனுக்கு அந்த வெளிச்சமே எதிரி. இங்கே உள்ளே அது அவ்வளவாக எட்டுவதில்லை. தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் வானத்தை மறைக்க, திறந்து கிடந்தது காப்பிக்கொட்டை உலர்த்தும் களம் மட்டுமே. தார்ப்பாய் மூடிய குவியல்களுக்கு ஓரமாகப் பாயை விரித்து மல்லாந்து படுத்தோம்.

இரவு எட்டு மணிக்குக் கார்த்திகை விண்மீன் கூட்டமும் வியாழன் கோளும் கிட்டத்தட்ட உச்சியில் இருந்தன. வெறும் கண்ணுக்குக் கார்த்திகையில் ஆறு மீன்கள். பைனாகுலரை வாங்கிய அத்தை வெகுநேரம் திருப்பித் தரவே இல்லை. “முருகனை வளர்த்தவர்கள் ஆறு பேர்தானே, இங்கே ஒரு கூட்டமே நிற்கிறதே!” என்றார். 1610இல் கலிலியோ வெளியிட்ட படத்திலேயே 36 விண்மீன்கள் உண்டு. அவை சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. அன்று அத்தை கண்ட ஒளி, கலிலியோ தொலைநோக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே புறப்பட்டது.

வியாழனிடமிருந்து ஒளி வர 40 நிமிடம்கூட ஆகவில்லை. செம்மஞ்சள் ரோகிணி விண்மீனும் வியாழனும் ஒரே பார்வைப் பரப்புக்குள் அடங்கின. முழங்கைகளை மார்போடு ஒட்டி, மூச்சை ஒரு கணம் நிறுத்தினால்தான் நடுக்கம் அடங்கும். அப்போது கோளை ஒட்டி, ஒரே கோட்டில், ஊசிமுனைப் புள்ளிகளாகத் துணைக்கோள்கள் தெரியும். அந்தக் கணத்துக்காக எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறலாம். அவற்றுள் பெரியதான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை, 1972இல் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

மறுநாளும் தங்கினேன். புள்ளிகள் இடம் மாறியிருந்தன. அவற்றுள் ஒன்றான அயோ வியாழனைச் சுற்றிவர ஏறத்தாழ 42 மணி நேரமே ஆகும் என்றதும், மாமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பைனாகுலருக்குக் கை நீட்டினார்.