கொய்யா மரத்தை நான் வெட்டமாட்டேன்

எங்கள் முன்பள்ளி மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைப் பக்கம் இருக்கிறது. வளவில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. பெரிய மரமில்லை. கீழ்க்கிளை என் இடுப்புயரம், அதற்குச் சற்று மேலே ஒரு கவட்டை. பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், நான் பஸ் ஓட்டுறன்" என்று கத்துவார்கள். போன பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "அந்த மரத்த வெட்டிப்போடுங்க டீச்சர், பிள்ளை விழுந்தா ஆர் பதில் சொல்ற?" என்று கேட்டார். இன்னும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நேரமில்லாமல் சுருக்கமாகச் சொன்ன காரணத்தை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மரத்தில் ஏறும் பிள்ளைக்குத் தான் உயரத்தில் நிற்பது தெரியும். கால் நடுங்கினால் இறங்கிவிடும், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நின்று அழும். இரண்டுமே நல்லதுதான். நான் வைத்திருப்பது ஒரேயொரு சட்டம்: எந்தப் பெரியவரும் பிள்ளையைத் தூக்கிக் கிளையில் வைக்கக் கூடாது. தானாக ஏறிய பிள்ளைக்கு இறங்குகிற வழியும் தெரிந்திருக்கும், தூக்கி வைத்த பிள்ளைக்கு அது தெரியாது. மரத்தடியில் மணலை அடிக்கடி கிளறிவிடுகிறோம், அங்கே கல்லும் சைக்கிளும் இருக்க விடுவதில்லை. யாராவது ஏறினால் நான் கை எட்டும் தூரத்தில் நிற்பேன். இவ்வளவு செய்தும் ஒரு நாள் ஒரு பிள்ளை விழலாம், முழங்கால் உரசலாம், கையும் முறியலாம். அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது கொய்யா மரம் இல்லை.

பிள்ளையின் கண்ணுக்கே படாத ஆபத்துகள்தான் என்னை ஆட்டுகின்றன. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒரு கீற்று நிலம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் கடலைப் பற்றி யாருக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வரவுப் பதிவேடும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. சுனாமி ஒத்திகையின்போது பிள்ளைகளை வெளியே எடுக்கும்போதே அவையும் கையில் வந்துவிட வேண்டும். கடலுக்கு இவ்வளவு பயப்படுகிற நாங்கள் மலசலகூடத்தடி வாளிக்குப் பயப்படுவதில்லையே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பாரம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் திரும்பி எழும்ப முடியாது, சத்தமும் வராது. தண்ணீரில் தத்தளிக்கும் பிள்ளை "அம்மா" என்று கூப்பிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூச்செடுக்கவே வழியில்லாத வாய் எப்படிக் கூப்பிடும்? அதனால் எங்களிடம் வேலை முடிந்த வாளி கவிழ்ந்துதான் கிடக்க வேண்டும். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டியிருக்கிறோம். ஆனால் இந்த உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். உக்கிய வலை, மூடாத கிணற்றைவிட மோசம். மூடியிருக்கிறது என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். மாரி தொடங்குமுன் அதை நானே கையால் அழுத்திப் பார்ப்பேன்.

அடுத்தது வாய். பிறந்தநாளுக்கு யாராவது கச்சான் (நிலக்கடலை) பைக்கட் கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிடுவேன், வீட்டுக்குப் போகும்போது தாயின் கையில் கொடுப்பேன். "என்ன டீச்சர், கச்சானுக்குமா?" என்று சிரிக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் கூடாது, நன்றாக மென்று அரைக்க அந்த வயதில் இன்னும் வராது. றம்புட்டான் காலம் வந்தால் இன்னும் கவலை. அந்தப் பழம் வழுக்கிக்கொண்டு கொட்டையோடு தொண்டைக்குள் போய்விடும். கொட்டை எடுத்து, சதையைத் துண்டாக்கிக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் வெட்டுங்கள். சாப்பிடும்போது பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும், வாயில் சாப்பாட்டோடு ஊஞ்சல் இல்லை.

சிக்கிவிட்டால்? பிள்ளை பலமாக இருமினால் இரும விடுங்கள். இரும முடியாமல், சத்தம் வராமல் திணறினால் முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளியே வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையில் தலை தாழக் கிடத்தி முதுகில் தட்டிவிட்டு, நிமிர்த்தி, நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் விரலை உள்ளே விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் கீழே தள்ளிவிடும். இதை வாசித்தால் மட்டும் போதாது, முதலுதவி வகுப்பில் பொம்மையில் செய்து பழக வேண்டும்.

எண்ணிப் பழகக் குன்றிமணி வைத்திருந்த பள்ளிகள் உண்டு. பார்க்க அழகு, கடித்தால் உள்ளே கொடிய நஞ்சு. எங்களிடம் சோடாப் போத்தல் மூடிதான் எண்ணுவதற்கு. மஞ்சள் அலரியை வேலியில் வைக்க வேண்டாம் என்று பக்கத்து வளவுக்காரரிடமும் கேட்டிருக்கிறேன். இன்னொன்று, மாமாங்கக் கோயில் திருவிழாக் கடைகளில் வாங்கிவரும் மின்னுகிற விளையாட்டுப் பொருட்கள். உள்ளே பொத்தான் மாதிரி சின்ன பற்றரி இருக்கும். அதைப் பிள்ளை விழுங்கித் உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிவிடும். "மலத்தோட போயிடும்" என்று வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவ்வளவையும் அகற்றியபிறகும் மிச்சமிருப்பது ஆட்கள். விளையாட்டு நேரத்தில் நானும் உதவி டீச்சரும் சேர்ந்து நிற்பதில்லை. ஒருவர் சறுக்குப் பக்கம், மற்றவர் கேற் பக்கம், இருவருக்கும் முதுகுப் பக்கம் சுவர். முதுகுக்குப் பின்னால் பிள்ளை இருக்கக் கூடாது. ஒருவர் உள்ளே போக வேண்டுமென்றால் "தங்கச்சி, நான் உள்ளுக்குப் போறன்" என்று சொல்லி, "ஓம் அக்கா, நான் பாக்கிறன்" என்ற பதில் காதில் விழுந்தபிறகுதான் கால் நகரும். முதலில் அவளுக்கு இது நாடகம் மாதிரி இருந்தது. இப்போது நான் மறந்தால் அவள்தான் ஞாபகப்படுத்துகிறாள்.

வீட்டு விசேஷங்களிலும் இதையே செய்யச் சொல்கிறேன். சாமத்திய வீட்டிலே இருபது பெரியவர்கள் இருப்பார்கள், ஆளுக்காள் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளை கிணற்றடிக்குப் போவது அப்படித்தான். "மாமி, சாப்பாடு பரிமாறி முடியும்வரை சின்னவன் உங்கட பொறுப்பு" என்று ஒருவரின் பெயரைச் சொல்லி ஒப்படைத்தால் மாமி பார்ப்பார். "எல்லாரும் பாத்துக்கொள்ளுங்க" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

முன்பள்ளியில் எனக்கு மிகவும் பயமான நேரம் பள்ளி விடும் நேரம். பெற்றோர் வருவார்கள், ஒருவர் பிள்ளையின் இருமலைப் பற்றிக் கேட்பார், ஒருவர் காசு தருவார், கேற் திறந்து கிடக்கும், வெளியே ஓட்டோ பின்னுக்கு எடுப்பார்கள். ஓட்டோவுக்குப் பின்னால் நிற்கிற சின்னப் பிள்ளை சாரதியின் கண்ணாடியில் தெரியாது. அதனால் ஒருவர் கேற்றடியில் வேறு எந்தக் கதையும் இல்லாமல் நிற்கிறோம், பேச வேண்டியவர்கள் உள்ளே மற்றவரிடம் பேசலாம். பதிவேட்டில் பெயரில்லாத ஆள் சொந்த மாமாவாக இருந்தாலும் தாய்க்கு அழைத்துக் கேட்காமல் பிள்ளையை விடுவதில்லை. ஓட்டோக்கள் சந்தியிலேயே நிற்க வேண்டும், பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வைக்கிறேன் என்று ஓட்டோக்காரத் தம்பி ஒருவருக்கு இன்னும் என்மேல் கோபம். இருக்கட்டும், ஹோர்ன் அடித்துக்கொண்டாவது சந்தியிலேயே நிற்கிறார்.