மிஞ்சும் பதினொன்று

மார்ச் 3
நான் கற்பனையில் படைக்கும் உலகில் ஆண்டுக்கு 401 நாள். பிறைக்குப் பிறை 26 நாள். அங்குள்ள ஆற்றங்கரை மக்களுக்கு ஒரு நாட்காட்டி வேண்டும். பதினைந்து மாதம் போக 11 நாள் மிஞ்சுகிறது. எங்கே வைப்பது?

மார்ச் 4
நம் நிலவும் கணக்குக்கு அடங்காததுதான். பன்னிரண்டு பிறைக்கு 354 நாள், கதிரவனுக்கு 365 சொச்சம். இங்கும் அதே பதினொன்று! பாபிலோனியர் 19 ஆண்டுக்கு 7 மாதம் கூட்டிச் சரிக்கட்டினார்கள். எகிப்தியர் முப்பது நாள் மாதம் பன்னிரண்டு வைத்து, மிச்சம் ஐந்தைக் கடைசியில் தனியே நிறுத்தினார்கள். அந்த ஐந்து நாள் எனக்குப் பிடித்திருக்கிறது. என் ஆற்றங்கரை மக்களுக்கும் அப்படியே: எந்த மாதத்துக்கும் சொந்தமில்லாத பதினோரு நாள்.

மார்ச் 5
அழைப்பு வரவில்லை.

மார்ச் 7
தவறு செய்துவிட்டேன். பதினோரு நாளைத் தனியே நிறுத்தினால், புத்தாண்டு தேய்பிறையிலும் பிறக்கும், முழுநிலவிலும் பிறக்கும். மாதம் நிலவை விட்டுப் பிரிந்துவிடும். விதைப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு வெள்ளம் வரும் நாள் தெரிந்தால் போதும். இரவில் வலை வீசுகிறவர்கள்? நிலவு பொய்த்த நாட்காட்டியை அவர்கள் ஏன் மதிக்க வேண்டும்? எகிப்தியரிடமிருந்து ஐந்து நாளை எடுத்தவன், நைல் வெள்ளத்துக்கு முன் சிரியஸ் விண்மீனுக்காக அவர்கள் விடியலில் கிழக்கைப் பார்த்து நின்றதை மறந்துவிட்டேன். விடை அங்கேதான். விடியலுக்கு முன் ஒரு விண்மீன் மீண்டும் முகம் காட்டும். அதன் பிறகு வரும் முதல் பிறையே புத்தாண்டு. சில ஆண்டுக்குப் பதினைந்து மாதம், சிலவற்றுக்குப் பதினாறு. 26 ஆண்டில் 11 முறை பதினாறு. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

மார்ச் 8
பதினாறாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு எத்தனை வயது என்பார்கள்? இரவெல்லாம் அந்தக் குழந்தைதான்.

மார்ச் 9
ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். வாரத்துக்கு வானத்தில் சாட்சி கிடையாது. என் மக்களுக்கு வாரம் வேண்டாம்.

மார்ச் 10
கூடுதல் மாதத்தை யார் அறிவிப்பது? ரோமில் அந்த அதிகாரம் குருமார்களிடம் இருந்தது. வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டினார்கள். குழப்பத்தைச் சீராக்கக் கி.மு. 46ஆம் ஆண்டே 445 நாளுக்கு நீண்டது. இங்கே அப்படி நடக்க விடமாட்டேன். ஒருவர் கண்டேன் என்றால் போதாது. ஒரு விதைப்பவர், ஒரு வலைஞர், இருவரும் ஒரே விடியலில் பார்க்க வேண்டும்.

மார்ச் 11
அழைப்பு இல்லை. அந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் பிறையில் இல்லை, விண்மீனில். ஆண்டுதோறும் அது தோன்றும் விடியலில் ஒரு வயது கூடும்.

மார்ச் 12
மேகம் மூடியிருந்தால்? இருவரும் கரையில் நிற்கிறார்கள், நான்கு விடியலாக