கறுப்பாக வரும் ரத்தம் என் பொறுப்பு

கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. இதயம் வெளியே தள்ளுவதில் கால் பங்கு அந்த ஒரே உறுப்புக்கு. காரைக்குடியில் மயக்க மருந்து டாக்டராக வேலை பார்க்கும் எனக்கு இதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்தே ஓடும்: மதுரை சுமார் 90 கிலோமீட்டர். அரிய வகை ரத்தம் வேண்டுமென்றால் திருப்பத்தூர், மேலூர் வழியாக ஆள் போய்த்தான் வாங்கி வர வேண்டும். அதனால் இங்கே கல்லீரலில் கத்தி வைக்கிற நாட்களில், போன ரத்தத்தை எப்படி ஈடு கட்டுவது என்பதைவிட, போகாமல் எப்படிக் காப்பது என்றுதான் முதல் நாள் இரவே பேசி வைப்போம்.

பெரிய கட்டி, சுருங்கிப்போன கல்லீரல் என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடுவோம். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. கட்டி ஓரமாக இருந்து, மீதிக் கல்லீரல் நன்றாக இருந்தால் மட்டும் மதுரையிலிருந்து சர்ஜன் இங்கே வருவார்.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் உள்ளே வரும் வழியைத்தான் முதலில் கைக்குள் கொண்டுவருவார். குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயின், கல்லீரல் தமனி, பித்தநாளம் மூன்றும் ஒரே மடிப்புக்குள் சேர்ந்து கல்லீரலுக்கு ஏறுகின்றன. அந்த மடிப்புக்குப் பின்னால் விரல் நுழைகிற சந்து ஒன்று உண்டு. இடது ஆள்காட்டி விரலை அதில் விட்டு, மடிப்பைச் சுற்றி ஒரு பருத்தி டேப்பைக் கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் சின்ன ரப்பர் குழாய்க்குள் இழுத்துக்கொள்வார். ரப்பர் கதீட்டரிலிருந்து அந்தக் குழாயை விரல் நீளத்துக்கு வெட்டி, முனை பிசிறில்லாமல் எடுத்து வைத்திருப்பது எங்கள் சிஸ்டர். குழாயைக் கீழே தள்ளி, டேப்பை இழுத்து, மேலே ஒரு கிளாம்ப் போட்டால் வரத்து நின்றுவிடும். செம்பழுப்பாக இருந்த கல்லீரல் கண்ணெதிரே மங்கி, நீலம் பாயும். கிளாஸ்கோவில் இருந்த ஹோகார்த் பிரிங்கிள் 1908-ல் அடிபட்ட கல்லீரலுக்காக எழுதிவைத்த வழி இது. இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு இதைவிட நம்பகமானது கிடையாது.

இழுத்துக் கட்டியதை அப்படியே விட்டுவைக்க முடியாது. ரத்தம் இல்லாமல் கல்லீரல் வாடும். மேலே போக வழியில்லாமல் குடலில் ரத்தம் தேங்கும். அதனால் 15 நிமிடம் கட்டு, 5 நிமிடம் தளர்வு, மறுபடி கட்டு. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து, “சார், பத்து நிமிஷம்” என்பார். அப்புறம் “பன்னெண்டு”, “பதினாலு”. சர்ஜன் ஒரு ரத்தக் குழாயை முடிச்சுப் போடும் நடுவில் இருந்தாலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்படுவார். தளர்த்தும்போது பிரஷர் கொஞ்சம் இறங்கும் என்பதால் எனக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இத்தனையும் வரும் ரத்தத்துக்கு. கல்லீரலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ஹெப்பாடிக் வெயின்களை இந்தக் கட்டு ஒன்றும் செய்யாது. தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவரின் மகன், “கட்டிட்டா ரத்தமே வராதுல்ல டாக்டர்?” என்று கேட்டார். குடல் புற்றுநோய் ஆச்சியின் கல்லீரல் வரை பரவியிருந்தது. அவரிடம் கண்மாயை வைத்துச் சொன்னேன்: “வரத்துக்காலை அடைச்சிடலாம் தம்பி. ஆனா கீழ தண்ணி நிரம்பிக் கிடந்தா, அது மடை வழியா எதிரேறி வரும்ல?” விவசாயக் குடும்பம், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அந்தக் கீழ்த் தண்ணீரைக் குறைத்து வைப்பது தலைமாட்டில் நிற்கும் என் வேலை. நீண்ட ஆபரேஷன் என்றால் டிரிப்பைத் தாராளமாக ஓடவிடத்தான் கை பழகியிருக்கும். இதில் நேர்மாறு. வெட்டி முடியும்வரை சொட்டுச் சொட்டாகத்தான் விடுவேன். மைய சிரை அழுத்தம், அதாவது இதயத்துக்குத் திரும்பும் பெரிய வெயினில் உள்ள அழுத்தம், 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே நிற்க வேண்டும். பிரஷர் தளர்ந்தால் டிரிப்பைத் திறக்காமல் மருந்தால் தாங்கிப் பிடிப்பேன். ஆச்சிக்குச் செய்தபோது வெட்டுமுகத்தைப் பார்த்துக்கொண்டே சர்ஜன், “சார், கறுப்பா ஊறுது” என்றார். கறுப்பு என்றால் எதிரேறி வருகிறது, எனக்கான சேதி. நான் மருந்தைக் கொஞ்சம் மாற்றினேன். சில நிமிடங்களில் ஊறுவது நின்றது. பளிச்சென்று சிவப்பாக வந்திருந்தால் அவர் தன் பக்கம் தேடியிருப்பார். சிலருக்கு இரைப்பைத் தமனியிலிருந்து தனிக் கிளை ஒன்று கல்லீரலின் இடப் பக்கத்துக்குப் போகும். அது அந்த மடிப்புக்கு வெளியே ஓடுவதால் டேப்புக்குள் சிக்காது.

அழுத்தம் ரொம்பவும் இறங்கினாலும் ஆபத்துதான். வெயினில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் ரத்தம் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அளவு திடீரென்று சரிவதுதான் முக்கியமான எச்சரிக்கை. வெட்டும் நேரம் முழுக்க மானிட்டரில் அதைக் காட்டும் கோட்டிலிருந்து நான் கண்ணை எடுப்பதில்லை. சரிந்தால் உடனே குரல் கொடுப்பேன்; சர்ஜன் விரலால் அடைத்து, அந்த இடத்தில் சலைனை ஊற்றுவார்.

வெட்டுமுகம் காய்ந்து, வெள்ளைத் துணியில் பித்தக் கறை படாததைப் பார்த்த பிறகு சர்ஜன் தலையாட்டுவார். அப்போதுதான் டிரிப்பைத் திறந்து, பிடித்துவைத்ததை ஈடு கட்டுவேன். சிறுநீர் இறங்குகிறதா என்று அடுத்த சில மணி நேரம் பார்த்தபடி இருப்போம்.

முன்பெல்லாம் ஆபரேஷன் நோட்ஸில் கட்டிய நேரமும் தளர்த்திய நேரமும் மட்டும் இருக்கும். டிரிப் எப்போது குறைந்தது, அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பது என் சார்ட்டில் தனியாகக் கிடக்கும். எவ்வளவு ரத்தம் போனது என்று பின்னால் பார்க்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஏதாவது புரியும். இப்போது கேட்டு வாங்கி ஒரே தாளில் எழுத வைத்திருக்கிறேன், சிஸ்டர் நிமிடம் சொன்ன வரிசையிலேயே.