மழைக்காலத்தில் கேமராவுக்கு ஓய்வு

பழவேற்காட்டில் மாமாவின் தோப்பில் கட்டியிருந்த மூன்று ட்ரெயில் கேமராக்களையும் (விலங்கு கடந்துபோனால் தானாகவே படம் பிடிப்பவை) ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே அவிழ்த்து, தண்டையார்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். போன வருஷம் ஒன்றை அப்படியே பையில் போட்டு வைத்தேன். தை மாதம் திறந்தால் எட்டு டபுள் ஏ பேட்டரியில் இரண்டு கசிந்து, ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்தமாதிரி வெள்ளைப் பொடி. அல்கலைன் பேட்டரியில் இருப்பது காரம், அதனால் காட்டன் பட்ஸில் துளி வினிகர் தொட்டுத் துடைத்ததும் நுரைத்துக்கொண்டு வந்தது. காயவைத்தபின் கேமரா உயிர் பிழைத்தது. கீரி குட்டிகளோடு போனதைப் படம் பிடித்த கேமரா அது, மனசு கேட்கவில்லை.

இந்த முறை முதல் வேலையே பேட்டரியைக் கழற்றியதுதான். படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, மெமரி கார்டை அந்தந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்தேன். அப்புறம் கேமராக் கதவின் ஓரத்து ரப்பர் வளையம். நம் பக்கம் கடல்காற்று, அதில் ஒட்டிய மணலை ஈரத்துணியால் துடைத்து, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவினேன். விலங்கின் நடமாட்டத்தை உணரும் சென்சாரின் முன்னால் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக், அதை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

இப்போது மூன்றும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகிய டப்பாவில், பீரோ மேல்தட்டில் இருக்கின்றன. தோப்பில் தண்ணீர் வடிந்ததும் சொல்கிறேன் என்றார் மாமா.