கதவு பூட்டியிருந்தது

போன மாதம் எங்கள் மருத்துவமனைக்குக் களப்பணிக்கு வந்த மாணவி ஒருத்தி, முதல் நாளே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேம், இந்த வேலைக்குத் தயாராக எந்தப் புத்தகம் படிக்கணும்?" என்று கேட்டாள். 11 வருடமாக மருத்துவ சமூகப் பணியாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்றேன் என்று சமாளித்தேன்.

நான் சமூகப் பணியில் முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. சேரப்போகிறேன் என்றபோது அப்பா கேட்டது: "சேவை செய்யறதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டணும்? ஞாயித்துக்கிழமை கோயில் அன்னதானத்துல போய்ப் பரிமாறேன்." பம்பாயில் 1936-லேயே இதற்கென்று கல்லூரி வந்துவிட்டது, சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கி அது எழும்பூரில் இன்றைக்கும் நடக்கிறது, ஆனாலும் எங்கள் பெரம்பூர் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கவில்லை. சமூக சேவை வேறு, சமூகப் பணி வேறு என்று அப்பாவிடம் அடித்துப் பேசினேனே தவிர, என்ன வேறு என்று அன்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

வகுப்பில் படித்ததெல்லாம் வீண் என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை, சட்டம் தெரியாமல் ஒரு காவல் நிலையத்தில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போய்விட்டு வந்து எழுதுகிற ரிப்போர்ட் இருக்கிறதே, அதை எல்லோரும் கடனே என்று எழுதுவோம், பஸ்ஸில் உட்கார்ந்து போன வார ரிப்போர்ட்டைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதியவர்களும் எங்கள் பேட்ச்சில் இருந்தார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அந்த ரிப்போர்ட்தான்.

முதல் வருடம் என்னைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். நகரத்துக்குள் ஆற்றோரமும் கால்வாயோரமும் இருந்த குடும்பங்களை 2000-லிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய இடம், பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றுவிட்ட 13 வயதுப் பையன் ஒருவனின் வீட்டைப் பார்த்து வரச் சொன்னார்கள். மூன்று முறை போனேன், மூன்று முறையும் பூட்டு. நானும் கடுப்பில், "குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை. தாய்க்கு மகனின் படிப்பில் அக்கறை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் மேடம் அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு, "நீ கண்ணால பார்த்தது என்ன?" என்றார்.

"கதவு பூட்டியிருந்தது மேடம்."

"அப்ப அதை எழுது. எத்தனை மணிக்குப் போனே?"

"பத்தரை."

"அந்தம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்க?"

தெரியாது. கேட்கவே தோன்றவில்லை. அடுத்த முறை பக்கத்து வீட்டு ஆயாவிடம் விசாரித்தால், "அது அஞ்சரை பஸ்ஸுக்கே போயிடும்மா, மயிலாப்பூர்ல நாலு வீடு பாக்குது" என்கிறார். வீட்டை இங்கே மாற்றிவிட்டார்கள், வேலை அங்கேயே இருக்கிறது. அன்று ராத்திரி ஏழரை மணிக்குப் போனேன். அந்த அம்மா அரிசி களைந்துகொண்டே பேசினார். "மூணு வாட்டி வந்தியாமே, ஆயா சொன்னுச்சு. ஞாயித்துக்கெழம வந்திருந்தா டீ போட்டுக் குடுத்திருப்பேனே கண்ணு." பையன் ஏன் போவதில்லை என்று கேட்டதற்குப் பானையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே கை காட்டினார். பாயில் இரண்டு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் அதைப் பார்த்துக்கொள்வது அவன்தான், அக்கம்பக்கத்துப் பையன்களோடு விளையாடப் போனாலும் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டே போவானாம். நான் போன நேரமெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவன் வெளியே போயிருந்தது அதனால்தான்.

குழந்தையை பால்வாடியில் சேர்க்க இரண்டு வாரம் அலைந்தேன். பையன் இரண்டு மாதம் பள்ளிக்குப் போனான், அப்புறம் ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்துவிட்டான். கல்லூரியில் இதை வெற்றிக் கதையாகச் சொல்லச் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். இரண்டாம் வருடம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தபோது ஒரு சிறுமி, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணாதான் சொல்வேன்" என்றாள். பாசத்தில் சத்தியம் பண்ணிவிட்டேன். அவள் சொன்ன விஷயமோ குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆகவேண்டியது. செய்தோம், செய்யத்தான் வேண்டும். ஆனால் அங்கே மீதி இருந்த ஐந்து வாரமும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் எந்தக் குழந்தை வாயைத் திறந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றதுல சிலதை நான் உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட சொல்லவேண்டியிருக்கும்டா." அதைக் கேட்டுச் சில குழந்தைகள் பேசாமல் போய்விடுவதும் உண்டு, மறுநாள் திரும்பி வருவார்கள் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆரம்பத்தில் குறைவு, பெரும்பாலும் ஒப்பந்தம், மார்ச் வந்தால் திட்டம் நீளுமா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வீட்டில் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவமனை வேலை என்றால் அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். என் நாளில் பாதிக்கு மேல் காகிதம். போன மாதம், அந்த மாணவி வந்த சமயத்தில், ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அது இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்கள். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் இவள் பெயர் இன்னும் அம்மா வீட்டு கார்டிலேயே இருக்கிறது, அந்த அம்மாவோடு இவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, காதல் கல்யாணம். ஆக, ஒரு பெயரை நீக்கிச் சேர்க்கிற வேலைக்குள் ஒரு குடும்பச் சண்டையே உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்கு போன் போட்டேன். "அவ செத்துட்டான்னு நெனச்சுக்கறோம்" என்று வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, "என்ன ஆபரேஷன்?" என்று கேட்டார். கார்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னார், மகளைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாணவிக்கு மறுநாள் பதில் சொன்னேன். சென்னையில் மாதம் இரண்டாம் சனிக்கிழமை மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். "அந்தப் பொண்ணோட அம்மா கார்டை எடுத்துக்கிட்டு அங்க வராங்க. நீயும் போய் அவங்க கூட வரிசையில நில்லு. நீயா எதுவும் கேட்காதே, அவங்களா பேசினா கேட்டுக்கோ. வந்து எழுதும்போது பார்த்ததை மட்டும் எழுது."

"புத்தகம் மேம்?"

"தண்ணி பாட்டில் எடுத்துக்கோ. வெயில் ஜாஸ்தியா இருக்கு."